வீட்டுக்குத் திரும்பும் வழி: செல்மா லாகர்லெவ்வின் 'ஜெருசலேம்'

என் அலுவலக நண்பனின் பெற்றோருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரில் அப்பாவைச் சார்வாள் என்பார்கள், அம்மாவை டீச்சரம்மா. சில ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஒரு சபைக் குழுவோடு பத்து நாள் புனிதப் பயணம் போய் வந்தார்கள். நாசரேத்திலிருந்து நாசரேத்துக்கு என்று ஊரில் கேலி. பயணத்துக்கான பணம் ஒரு வைப்புநிதியை உடைத்து எடுத்தது. மூத்த மகனின் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த பணம் அது. அவன் 26 வயதில் நாற்கரச் சாலையில் பைக் விபத்தில் இறந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவர்கள் திரும்பி வந்த வாரம் நண்பனோடு நானும் போயிருந்தேன். யோர்தான் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில். ஒலிவ மரச் சிலுவை. அப்புறம் கூடத்துச் சுவரில் லேமினேட் செய்து மாட்டப்பட்ட ஒரு சான்றிதழ். கானாவூரில் திருமண உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொண்டதற்கானது.

"கானாவூர்ல மறுபடி கல்யாணம் பண்ணி வச்சாங்க தம்பி. எங்ககூட வந்த ஐயர்தான் ஜெபம் பண்ணுனாரு" என்றார் டீச்சரம்மா. ஐயர் என்றால் அந்தப் பக்கத்தில் சபைப் போதகர். "பதினோரு ஜோடி. எல்லாரையும் கையப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. இவுகளுக்கு ஒரே வெக்கம்."

நான் சார்வாளிடம் எருசலேம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கூட்டம்தான்யா. வரிசைல நின்னு கல்லறைக்குள்ள போனா ரெண்டு நிமிஷம் நிக்க விடமாட்டான். தோட்டக் கல்லறை பரவாயில்ல, அமைதியா இருந்துச்சு."

எருசலேமில் இயேசுவின் கல்லறை என்று இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று, நான்காம் நூற்றாண்டிலிருந்து வழிபடப்படும் திருக்கல்லறைத் தேவாலயம். மற்றது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புராட்டஸ்டண்டுகளிடையே பிரபலமான தோட்டக் கல்லறை. இதில் எது நிஜம் என்று கேட்டேன். சார்வாள் யோசிக்கவே இல்லை.

"ரெண்டும் காலியாத்தானே இருக்கு."

அந்த நாட்களில் நான் செல்மா லாகர்லெவ்வின் 'ஜெருசலேம்' நாவலின் இரண்டாம் பாகத்தில் இருந்தேன். மத வெறி பிடித்த ஒரு கிராமத்தின் கதை என்றுதான் அதுவரை அதை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வந்தபின் நாவல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அது திருமணங்களைப் பற்றிய நாவல். புனித நகரத்துக்குப் போகும் தம்பதிகளிடம் அந்த நகரம் என்ன கேட்கிறது, அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி.

*

தமிழ் வாசகருக்கு லாகர்லெவ் புதியவர் அல்ல. க.நா.சு. மொழிபெயர்த்த 'மதகுரு' நம் தலைமுறைகள் கைமாற்றிக்கொண்ட நாவல். 'தேவமலர்' கதையை வாசித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. ஆனால் 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த 'ஜெருசலேம்' பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. வெல்மா ஸ்வான்ஸ்டன் ஹோவர்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் வாசித்தேன்.

நாவலுக்குள் போகுமுன் இரண்டு நிஜத் தம்பதிகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் தம்பதி ரோமைச் சேர்ந்த மெலனியாவும் பினியனும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்கள். மெலனியாவுக்குத் திருமணம் நடந்தபோது வயது 13 அல்லது 14, பினியனுக்கு 17. அவளுக்குத் தொடக்கம் முதலே துறவில்தான் ஆசை. வாரிசுக்கு இரண்டு குழந்தைகள் பிறக்கட்டும் என்றான் அவன். இரண்டு பிறந்தன, இரண்டும் இறந்தன. அதன் பிறகு அவன் சம்மதித்தான். சொத்துகளை விற்றார்கள், அடிமைகளை விடுவித்தார்கள், சிசிலி, வட ஆப்பிரிக்கா வழியாக 417-இல் எருசலேம் சேர்ந்தார்கள். ஒலிவ மலையில் துறவிகளாக வாழ்ந்தார்கள். இந்தக் கதையை எழுதியவர் மெலனியாவின் மடத்தைச் சேர்ந்த ஜெரோன்டியஸ். அவருக்குப் பினியன் கிட்டத்தட்ட ஒரு தடை, பிறகு ஒரு துணை, கடைசியில் ஓரத்தில் நிற்கும் ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். ஆனால் அதே நூலில் ஒரு செய்தி இருக்கிறது. பினியன் இறந்தபின் மெலனியா அவரைப் புதைத்த இடத்தருகே சிறு அறையில் சில ஆண்டுகள் கழித்தாள். துறவி வரலாற்றை எழுதியவர் அதைத் தவம் என்று எழுதிவிட்டுப் போகிறார். எனக்கு அது அப்படி மட்டும் தெரியவில்லை.

இரண்டாம் தம்பதி சிகாகோவின் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டும் அன்னாவும். ஹொரேஷியோ வழக்கறிஞர், அன்னா நார்வேயில் பிறந்தவர். 1871-இல் சிகாகோவை எரித்த தீ அவர்களின் முதலீடுகளையும் கொண்டுபோனது. 1873 நவம்பரில் அன்னா நான்கு மகள்களோடு ஐரோப்பாவுக்குப் போன கப்பல் 'வில் து ஆவ்ர்' நடு அட்லாண்டிக்கில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. நான்கு மகள்களும் இறந்தார்கள். தான் மட்டும் பிழைத்ததாக அன்னா தந்தி அடித்தார். அந்தத் துயரத்தில் ஹொரேஷியோ எழுதிய பாடல்தான் இன்றும் உலகெங்கும் ஆங்கில அடக்க ஆராதனைகளில் பாடப்படும் 'இட் இஸ் வெல் வித் மை சோல்'. பிலிப் பிளிஸ் அதற்கு அமைத்த மெட்டுக்கு அந்தக் கப்பலின் பெயரே வைக்கப்பட்டது. அத்தோடும் முடியவில்லை. பின்னால் பிறந்த மகன் 1880-இல் காய்ச்சலில் இறந்தான். 1881-இல் தம்பதியர் சிறு குழுவோடு எருசலேமுக்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதுதான் அமெரிக்கன் காலனி.

காலனியில் எல்லாம் பொது, தனிச் சொத்து கிடையாது. கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்ற நம்பிக்கையில் புதிய திருமணங்கள் கிடையாது. கணவன் மனைவியராக வந்தவர்களும் சகோதர சகோதரிகளாக வாழ வேண்டும். 1888-இல் ஹொரேஷியோ இறந்தபின் அன்னாதான் தலைமை. அவரது சொந்த மகள் பெர்த்தா 1904-இல் திருமணம் செய்தபோதுதான் அந்தத் தடை தளர்ந்தது. காலனி பின்னர் குடிபோன மாளிகையின் கதை கேட்டால் சிரிப்பு வரும். நான்கு மனைவிகளோடு வாழ்ந்த ஒரு ஒட்டோமான் காலப் பெருந்தனக்காரர் கட்டியது அது. இன்று அது ஹோட்டல்.

இந்த இரு தம்பதிகளுக்கும் நடுவே ஆயிரத்து நானூறு வருட இடைவெளி. இருந்தும் கதை ஒன்றே. குழந்தைகளை இழந்த ஒரு தம்பதி புனித இடத்தை நோக்கிப் போகிறது. அங்கே அவர்கள் தம்பதியாக இருப்பதை விட்டுவிடுகிறார்கள். துக்கத்தில் இருக்கும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை சார்வாள் வீட்டில் நான் கண்டிருக்கிறேன். மகன் போன பிறகு அவர்கள் பேசிக்கொள்வார்கள், மின்கட்டணம் பற்றி, மாத்திரை பற்றி. அவன் பெயரை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. இருவரும் சேர்ந்து வேறொன்றைப் பார்ப்பதற்கு ஓர் ஊர் இருந்தால், அது எவ்வளவு பெரிய ஆறுதல்! எருசலேம் அந்த ஆறுதலைத் தருகிறது. அதற்கு விலையும் வாங்கிக்கொள்கிறது.

*

1896 கோடையில் ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் நோஸ் என்ற ஊரிலிருந்து 37 பேர் சொத்துகளை விற்றுவிட்டு இந்தக் காலனியில் சேரப் புறப்பட்டார்கள். பரம்பரை விவசாயிகள், குடும்பம் குடும்பமாக. செய்தியை அறிந்த லாகர்லெவ் 1900-இல் தோழி சோஃபி எல்கானோடு எருசலேம் போய் அவர்களைச் சந்தித்தார். அதிலிருந்து வந்தது நாவல்.

ஆனால் நாவல் எருசலேமில் தொடங்கவில்லை. ஓர் உழவுக் காலையில் தொடங்குகிறது. இங்மார் என்ற விவசாயி ஏர் ஓட்டிக்கொண்டே இறந்துபோன அப்பாவோடு மனதுக்குள் பேசுகிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்டு அவன் வீட்டில் இருந்த பிரிட்டா, கல்யாணம் தள்ளிப்போன அவமானத்தில், பிறந்த குழந்தையைக் கொன்றுவிட்டுச் சிறையில் இருக்கிறாள். தண்டனை முடிகிறது. அவளை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட அவள் வீட்டில் ஏற்பாடு. அதுதான் எல்லோருக்கும் வசதி. இங்மார் வண்டியைக் கட்டிக்கொண்டு சிறை வாசலுக்குப் போய் அவளை வீட்டுக்கு அழைத்து வருகிறான். ஊர் சிரிக்கும் என்று தெரியும், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றும் தெரியும்.

முதல் வாசிப்பில் இதை ஒரு முன்கதை என்று கடந்துவிட்டேன். இப்போது நினைக்கிறேன், நாவலின் மெய்யான புனிதப் பயணம் இதுதான். எருசலேம் என்ற சொல் கதைக்குள் வருமுன்பே லாகர்லெவ் தன் அளவுகோலைத் தந்துவிடுகிறார். ஒரு குழந்தையின் சாவு நடுவில் கிடக்க, ஒருவன் அதைத் தாண்டி அவளிடம் போகிறான். போய், இருவரும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பின்னால் வரப்போகும் நீண்ட பயணங்கள் எல்லாவற்றையும் இந்தச் சிறு வண்டிப் பயணத்தின் பக்கத்தில் வைத்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் இங்மாரின் மகள் காரினும் அவள் கணவன் ஹால்வோரும் வருகிறார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஹெல்கும் என்ற போதகன் ஊரை இரண்டாக்குகிறான். அவன் எருசலேமுக்குப் போய் அங்கிருந்து கடிதம் எழுதுகிறான், வாருங்கள் என்று. காரினும் ஹால்வோரும் தலைமுறை தலைமுறையாக வந்த இங்மார் பண்ணையை ஏலத்தில் விட முடிவு செய்கிறார்கள். ஏலம் நடக்கும் அத்தியாயத்தில் லாகர்லெவ் எழுதுவது சொந்த வலி. அவர் பிறந்த மோர்பாக்கா வீடு தந்தையின் மரணத்துக்குப் பின் கடனில் கைவிட்டுப் போனது. பின்னாளில் வீட்டை மீட்டு, 1909-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தில் நிலங்களையும் மீட்டார். தட்டுமுட்டுச் சாமான்களை ஊரார் புரட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த கை எழுதிய பக்கங்கள் அவை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மென்பொருளில் ஒரு மாற்றத்தை வெளியிடுமுன், தப்பாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்ப்போம். வழி இல்லையென்றால் வெளியிட மாட்டோம். நோஸ் விவசாயிகள் செய்தது நேர் எதிர். திரும்பும் வழியை அடைப்பதுதான் அவர்களுக்கு விசுவாசத்தின் அடையாளம். வீடு இருக்கும்வரை மனம் வீட்டைப் பார்க்கும், ஆகவே வீடு இருக்கக் கூடாது. முதல் பாகத்தின் முடிவில் வண்டிகள் புறப்படும்போது குழந்தைகள் அழுகிறார்கள். எருசலேம் வேண்டாம், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களின் வாதங்கள் எல்லாவற்றுக்கும் நாவலில் பதில் உண்டு, இந்த அழுகைக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாம் பாகத்தில் எருசலேம் வருகிறது. பிர்கர் லார்சன் வந்த கையோடு காய்ச்சலில் விழுகிறான். சாகுமுன் நகரத்தைக் காண வேண்டும் என்கிறான். ஊர்க்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு தெருக்கள் வழியே போகிறார்கள். குறுகிய சந்துகள், குப்பை, பிச்சைக்காரர்கள். இது எருசலேம் இல்லை, என்னை ஏமாற்றுகிறீர்கள் என்கிறான் அவன். வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கும் நகரம் எங்கே என்று தேடுகிறான். இதை லாகர்லெவ் கேலியாக எழுதவில்லை. தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் தோள் வலியிலிருந்து எழுதுகிறார். ஒருவனுடைய நகரம் அவனுக்குக் கிடைக்காதபோது அவனைச் சுமக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த அத்தியாயத்தில் மிஞ்சுவது.

நாவலின் மையச் சிக்கல் இளைய இங்மாருடையது. பள்ளி ஆசிரியரின் மகள் கெர்ட்ருட் மீது அவனுக்குக் காதல். ஆனால் பண்ணையைக் காப்பாற்றப் பணக்கார வீட்டுப் பெண் பார்ப்ரோவை மணக்கிறான். காதலை இழந்த கெர்ட்ருட் கிறிஸ்துவைக் கண்டதாக நம்பி எருசலேம் போகிறாள். அவளை மீட்டுக்கொண்டு வா, நான் விலகிக்கொள்கிறேன் என்று கணவனை அனுப்பி வைப்பது பார்ப்ரோ. அவன் போகிறான். போகும்போதே அவனுக்குத் தெரிகிறது, மனம் இப்போது மனைவியிடம்தான் இருக்கிறது என்று. எருசலேமில் ஒரு கண்ணை இழக்கிறான். கெர்ட்ருட்டை ஊருக்கு அழைத்து வருகிறான், ஆனால் அவள் மனம் இன்னொருவனிடம். கடைசியில் அவன் பார்ப்ரோவிடம் திரும்புகிறான். காதலுக்காக மணக்காதவர்கள் எருசலேமைச் சுற்றிக்கொண்டு வந்து தங்கள் சொந்தத் திருமணத்தைச் சேர்கிறார்கள். கானாவூர்ச் சான்றிதழ் இல்லாமலே நடந்த புதுப்பித்தல்.

*

இந்த வாசிப்பை இவ்வளவு தூரம் கொண்டுவந்தபின், நாவல் எனக்குத் தரும் உறுத்தலையும் சொல்ல வேண்டும்.

லாகர்லெவ்வின் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. மண் என்றால் அவருக்கு டாலர்னாவின் மண்தான். பாலஸ்தீனம் காய்ச்சலும் வெயிலும் தரிசனங்களும் நிறைந்த ஒரு மேடை. அங்கேயும் உழவர்கள் இருந்தார்கள், தலைமுறை தலைமுறையாக ஒலிவ மரம் வளர்த்தவர்கள். அவர்களுக்கும் இங்மார் பண்ணை போல ஒன்று உண்டு. நாவலில் பெயரும் உள்ளமும் உள்ள உள்ளூர் மனிதர்கள் மிகச் சிலரே. நிலத்தை இழப்பதன் வலியை இவ்வளவு நுட்பமாக எழுதிய ஒருவர் அந்த நிலத்தின் மனிதர்களைப் பார்க்கத் தவறியது, அடுத்த நூற்றாண்டில் அங்கே நடந்ததை அறிந்த நமக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. திரும்பாதவர்களுக்கும் ஒரு கதை உண்டு. காலனி நாவல் காட்டும் சோர்வோடு முடிந்துவிடவில்லை. அதன் புகைப்படப் பிரிவு எடுத்த படங்கள், 1915-இன் வெட்டுக்கிளிப் பெருக்கம் உட்பட, இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பிரிவை நடத்தியவர்களில் முக்கியமானவர் நோஸிலிருந்து சிறுவனாகப் போன லூயிஸ் லார்சன். வண்டியில் ஏறி அழுத குழந்தைகளில் அவரும் இருந்திருக்கலாம். முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த எருசலேமில் காலனி கஞ்சி ஊற்றியது. பெர்த்தா தொடங்கிய குழந்தைகள் நல விடுதி பழைய நகரத்தில் தாயில்லாக் குழந்தைகளை வளர்த்தது. நான்கு மகள்களைக் கடலில் விட்ட அன்னாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். துக்கம் அங்கேயும் எதையோ பெற்றெடுத்திருக்கிறது. வீடு திரும்புவது ஒன்றே நிறைவு என்று லாகர்லெவ் சொல்வாரானால் நான் முழுதாக உடன்பட மாட்டேன்.

ஆனால் அவர் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை என்றும் தோன்றுகிறது. திரும்பி வரும் இங்மாருக்கு ஒரு கண் இல்லை. போகாமலே இருந்திருந்தால் அவன் பார்ப்ரோவைக் கண்டிருக்க மாட்டான். புனித நகரம் வீண் என்பது நாவலின் முடிவு அல்ல. அது ஒரு தம்பதியை இணைக்கலாம், பிரிக்கலாம். அங்கே போய் நகரத்தை மட்டும் பார்த்தவர்கள் துணையை இழந்தார்கள். துணையைப் பார்த்தவர்களுக்கு நகரம் எப்படி இருந்தது என்பது பெரிய விஷயமாகவே இல்லை. கானா எது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு கிடையாது. கஃபர் கன்னாவா, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிர்பெத் கானாவா என்று வாதம் போய்க்கொண்டிருக்கிறது. பதினோரு ஜோடிகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அந்த வாதம் முடியத் தேவையில்லை.

அன்று நாங்கள் கிளம்பும்போது டீச்சரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "கையப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணும்போது இவுக பெரியவன் பேரச் சொல்லி அழுதுட்டாக தம்பி. ஆறு வருஷத்துல நான் கேட்டதே இல்ல. எனக்கு மட்டும்தான் அவன் ஞாபகம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கொஞ்ச நாள் கழித்து மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது யோர்தான் தண்ணீர் பாட்டில் அலமாரியில் பின்னால் போயிருந்தது. சான்றிதழ் அதே ஆணியில். அதன் பக்கத்தில் புதிதாக இன்னோர் ஆணி அடித்து, பீரோவுக்குள் இருந்த மூத்தவனின் படத்தை மாட்டியிருந்தார்கள். சார்வாள் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். "காபி போடவா?" என்று உள்ளேயிருந்து டீச்சரம்மா கேட்டார். "மூணு பேருக்குப் போடு" என்றார்.